44க்கு 18: நம்ம ஊர் சைக்கிளும் நம்ம முழங்காலும்

கொஞ்சம் நீளமான த்ரெட் மக்களே. டீ போட்டுட்டு வந்து உட்காருங்க.

போன மழைக்காலத்துக்கு முன்னாடி, ஒரு செவ்வாய்க்கிழமை ஓ.பி. ஒரே காலைல ரெண்டு பேர் ஒரே வலியோட வந்தாங்க.

முதல் ஆள், பழவேற்காடு ஏரிக்கரை குப்பத்துல இருந்து வந்த 58 வயசு அண்ணன். சைக்கிள்ல மீன் விற்கிறவர். விடியற்காலைல மீனையும் ஐஸையும் பெட்டில கட்டிக்கிட்டு, பாம் பாம் ஹாரன் அடிச்சுக்கிட்டு பொன்னேரி பக்கத்து ஊர்களைச் சுத்தி வித்துட்டு மதியத்துக்கு மேல வீடு திரும்புவார். 30 வருஷமா ஒரே சைக்கிள்.

ரெண்டாவது ஆள் பொன்னேரில இருந்து தினமும் ரயில்ல சென்னை போற ஐ.டி. தம்பி. 29 வயசு. கொரோனா காலத்துல 21 கியர் சைக்கிள் வாங்கி, ஞாயிறு தவறாம பழவேற்காடு போயிட்டு வர்றவர். போக வர சுமார் 40 கி.மீ.

ரெண்டு பேருக்கும் வலி முழங்கால் சில்லுக்குப் பின்னாடி. படி இறங்கும்போது அதிகம். குத்துக்கால் போட்டு உட்கார்ந்தா இன்னும் அதிகம்.

தம்பிகிட்ட கேட்டேன், "எந்த கியர்ல ஓட்டுறீங்க?"

"முன்னாடி 3, பின்னாடி 7. எப்பவும் அதுதான் டாக்டர். கியரை இறக்கினா ஏமாத்துற மாதிரி இருக்கு."

இந்த "ஏமாத்துற மாதிரி"ங்கிற வார்த்தைக்கு நூறு வருஷத்துக்கு மேல வரலாறு இருக்கு. எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் சொல்றேன்.

*

சைக்கிளுக்கு முதல்ல செயினே கிடையாது. 1870கள்ல இங்கிலாந்துல ஓடின பெரிய சக்கர சைக்கிளைப் படத்துல பார்த்திருப்பீங்க. முன்னாடி ஆள் உயரச் சக்கரம், பின்னாடி சின்னதா ஒண்ணு. பெடல் நேரா முன் சக்கரத்தோட அச்சுல. பெடல் ஒரு சுத்து சுத்தினா சக்கரமும் ஒரு சுத்து.

வேகமா போகணும்னா ரெண்டு வழிதான். காலை வேகமா சுத்தணும், இல்லைன்னா சக்கரத்தைப் பெருசாக்கணும். சக்கரத்தை எவ்வளவு பெருசாக்க முடியும்? கால் எட்டுற வரைக்கும். நல்ல உயரமான ஆளுக்கே 60 அங்குலம் வந்தா அதோட சரி. அந்தக் காலத்துல நம்ம கியரை முடிவு பண்ணினது நம்ம தொடை எலும்போட நீளம்தான்!

1885ல ஜான் கெம்ப் ஸ்டார்லி 'ரோவர்' சைக்கிளைக் கொண்டு வந்தார். ரெண்டும் ஏறக்குறைய ஒரே அளவு சக்கரம், நடுவுல பெடல், பின் சக்கரத்துக்கு செயின். 1888ல டன்லப் காத்தடைச்ச டயரும் வந்துடுச்சு. இன்னைக்கு நாம ஓட்டுறது அடிப்படைல அதே வண்டிதான்.

செயின் வந்ததும் பெரிய சக்கரம் தேவையில்லாம போச்சு. முன்னாடி பெரிய பல் சக்கரம், பின்னாடி சின்ன பல் சக்கரம். முன்னாடி ஒரு சுத்துக்கு பின்னாடி ரெண்டரை சுத்து.

இப்ப நம்ம தாத்தா சைக்கிளுக்கு வருவோம். கருப்பு கலர், கம்பி பிரேக், 28 அங்குல சக்கரம். முன் செயின் வீல்ல 44 பல். பின் ஃப்ரீவீல்ல 18 பல். முக்காவாசி வண்டிகள்ல இதுதான் கணக்கு.

44ஐ 18ஆல வகுத்து 28ஆல பெருக்குங்க. 68 வரும்.

அதாவது, செயின் இல்லாம அதே மிதி வேணும்னா 68 அங்குலம் உயரமுள்ள சக்கரம் வேணும். அஞ்சடி எட்டங்குலம். பழைய சக்கரக் காலத்துல எந்த ஆளுக்கும் கால் எட்டாத அளவு. அந்த மிதியைத்தான் நாம 12 வயசு பையன்கிட்ட குடுத்து குரங்கு பெடல் போடச் சொன்னோம். அதே வண்டில முன்னாடி ஒருத்தர், பின்னாடி கேரியர்ல ஒரு மூட்டையும் ஏத்தினோம்.

இந்த வண்டியில பெடல் ஒரு சுத்துக்கு சுமார் ஐந்தரை மீட்டர் போகும். மணிக்கு 15 கி.மீ வேகத்துல போனா நிமிஷத்துக்கு 46 சுத்து. எதிர்காத்துல, சுமையோட, 10 கி.மீக்கு இறங்கிட்டா 30 சுத்துதான்.

நிமிஷத்துக்கு எத்தனை சுத்துங்கிற இந்தக் கணக்கைத்தான் சைக்கிள் ஓட்டுறவங்க கேடன்ஸ்னு சொல்றாங்க. தமிழ்ல மிதி தாளம்னு வெச்சுக்கலாம். ஒத்தை கியர் வண்டியில தாளம் ஓட்டுறவர் கையில இல்லை. ரோடும் காத்தும் சுமையும்தான் முடிவு பண்ணும்.

*

இதுக்குத் தீர்வு அப்பவே இருந்துச்சு. 1902லயே இங்கிலாந்துல ஸ்டர்மி ஆர்ச்சர் மூணு வேக ஹப் வந்துடுச்சு. பின் சக்கர அச்சுக்குள்ளயே கியரை அடைச்சு வெச்சது. மழை, மண் எதுவும் உள்ள போகாது.

பிரான்ஸ்ல, செயின்ட் எத்தியேன் ஊர்ல பால் டி விவீன்னு ஒரு மனுஷர். சைக்கிள் பத்திரிகை நடத்தினவர். கால் ஒரே தாளத்துல போகட்டும், ஏத்தத்துக்கும் இறக்கத்துக்கும் கியரை மாத்துங்கன்னு வாழ்நாள் முழுக்க எழுதினார். 1930ல இறந்து போனார்.

அவருக்கு நேர் எதிர்ப்பக்கம் நின்னவர் ஹென்றி டெக்ரான்ஜ். 1903ல டூர் டி ஃபிரான்ஸ் போட்டியை ஆரம்பிச்ச பத்திரிகை ஆசிரியர். கியர்ங்கிறது 45 வயசு தாண்டினவங்களுக்குத்தான், ஆம்பளை தசை பலத்தால ஜெயிக்கணும்ங்கிறது அவர் கட்சி.

போட்டி அவர் கையில. அதனால வீரர்கள் என்ன பண்ணினாங்க தெரியுமா? பின் சக்கரத்தோட ரெண்டு பக்கமும் வேற வேற பல் சக்கரம். மலை அடிவாரத்துல வண்டியை நிறுத்தி, சக்கரத்தைக் கழட்டி, திருப்பி மாட்டி, திரும்ப ஏறணும். ஆல்ப்ஸ் குளிர்ல, விரைச்ச விரலோட!

1937ல, டெக்ரான்ஜ் பொறுப்புல இருந்து விலகின பிறகுதான், செயினை ஒரு பல்லுல இருந்து இன்னொரு பல்லுக்குத் தள்ளுற டெரய்லர் கியரை டூர்ல அனுமதிச்சாங்க. அந்த வருஷமே ரோஜே லாபேபி அதை மாட்டி ஜெயிச்சார்.

34 வருஷம். பொறியியல் தெரியாம இல்லை. மானப் பிரச்சினை.

நம்ம தம்பி சொன்ன "ஏமாத்துற மாதிரி"யும் அதே கட்சிதான். அவர் டெக்ரான்ஜ் பேரைக் கேட்டது கூட இல்லை.

*

மூணு வேக ஹப் 1902லயே வந்ததுன்னா, நம்ம ஊருக்கு ஏன் வரலை?

நமக்கு வந்த பெரும்பாலான வண்டிகள் ஒத்தை கியர். ராலே, ஹம்பர், பி.எஸ்.ஏ, ஹெர்குலிஸ்னு கப்பல்ல வந்துச்சு. சுதந்திரத்துக்குப் பிறகு 1949ல முருகப்பா குழுமம் இங்கிலாந்தோட டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் கூட சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸை ஆரம்பிச்சாங்க. ஆலை அம்பத்தூர்ல. அப்போ அம்பத்தூரும் பொன்னேரியும் ஒரே செங்கல்பட்டு மாவட்டம். நம்ம மாவட்டத்து சைக்கிள்தான் தமிழ்நாடு முழுக்க ஓடுச்சுன்னு கொஞ்சம் காலரைத் தூக்கிக்கலாம்.

ஒத்தை கியரை நான் குறை சொல்ல மாட்டேன். விலை கம்மி. எந்த ஊர் மரத்தடிலயும் பழுது பார்க்கலாம். பழவேற்காடு மாதிரி உப்புக்காத்து அடிக்கிற ஊர்ல டெரய்லர் கியரை ஒரு மழைக்காலம் வெளிய நிறுத்திப் பாருங்க, கம்பியெல்லாம் துருப்பிடிச்சு நகராது. செயின் கவர் போட்ட தாத்தா சைக்கிள் அதையும் தாண்டி ஓடும்.

அந்த வண்டி பண்ணின சமூக வேலையும் சின்னது இல்லை. 1991-92ல புதுக்கோட்டைல, கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் காலத்துல, அறிவொளி இயக்கம் எழுத்தோட சேர்த்து பொண்ணுங்களுக்கு சைக்கிளும் கத்துக் குடுத்துச்சு. ஆயிரக்கணக்குல கிராமத்துப் பெண்கள், குவாரி கூலிகள், அங்கன்வாடிப் பணியாளர்கள் ஓட்டக் கத்துக்கிட்டாங்க. லேடீஸ் சைக்கிள் கடையில தட்டுப்பாடு. கம்பி வெச்ச ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கினவங்களும் உண்டு. முன் கம்பில குழந்தையை உட்கார வைக்கலாமே!

2001-02ல தமிழ்நாடு அரசு மாணவிகளுக்கு இலவச சைக்கிள் குடுக்க ஆரம்பிச்சது. முதல்ல பட்டியலின, பழங்குடி மாணவிகளுக்கு. சில வருஷத்துல பிளஸ் ஒன் படிக்கிற அரசு, அரசு உதவி பெறும் பள்ளி மாணவ மாணவிகள் எல்லாருக்கும். 2006ல பீகார் அரசும் இதே மாதிரி மாணவிகளுக்குத் திட்டம் கொண்டு வந்துச்சு. கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் அதை ஆய்வு பண்ணி, உயர்நிலைப் பள்ளில சேர்ற மாணவிகள் 32 சதவீதம் கூடினதா 2017ல வெளியிட்டாங்க.

ஆனா ஒரு விஷயம் நமக்குள்ள ஊறிப்போச்சு. மூணு தலைமுறையா 68 அங்குல மிதியில ஓட்டினதால, சைக்கிள் மிதிக்கிறதுன்னாலே "அழுத்தி மிதி"ன்னு ஆயிடுச்சு. சீட்டை வேற இறக்கி வெச்சிருப்போம், நிறுத்தினா கால் தரையில பதியணுமே. கியர் சைக்கிள் வாங்கின பிறகும் பழக்கம் மாறலை.

தம்பியோட வண்டிக் கணக்கைப் பாருங்க. முன்னாடி 48 பல், பின்னாடி 14. ஒரு சுத்துக்கு ஏழரை மீட்டர். 20 கி.மீ வேகத்துல நிமிஷத்துக்கு 44 சுத்து. தாத்தா 46 சுத்து. 21 கியர் வாங்கி, அதுல 20ஐத் தொடாம விட்டு, தாத்தா வண்டியையே ஓட்டியிருக்கார்!

*

சரி, மெதுவா அழுத்தி மிதிச்சா என்ன தப்பு? இதுல அறிவியலே கொஞ்ச காலம் குழம்பித்தான் இருந்துச்சு.

1929ல லண்டன்ல சில்வியா டிக்கின்சன்ங்கிற ஆய்வாளர், ஆளை நிலையான சைக்கிள்ல உட்கார வெச்சு, மூச்சுல செலவாகுற ஆக்சிஜனை அளந்தார். தசையோட இயக்கத்தை ஆராய்ஞ்சு நோபல் வாங்கின ஏ.வி.ஹில் கூட வேலை பார்த்தவர். அவருக்குக் கிடைச்ச விடை: குறைஞ்ச சக்தி செலவுல அதிக வேலை கிடைக்கிறது நிமிஷத்துக்கு சுமார் 33 சுத்துல!

அப்ப தாத்தா செஞ்சதுதான் சரியா?

ஆனா போட்டி வீரர்கள் யாரும் அப்படி ஓட்டலையே. 1972ல எடி மெர்க்ஸ் மெக்சிகோ சிட்டில ஒரு மணி நேரத்துல 49.431 கி.மீ ஓட்டி சாதனை பண்ணினார். அவர் கியரை வெச்சுக் கணக்குப் போட்டா நிமிஷத்துக்கு 104 சுத்து வருது. ஒரு மணி நேரம் முழுக்க.

இந்த முடிச்சு மெதுவாத்தான் அவிழ்ந்துச்சு. 1985ல கோஸ்ட், வெல்ச்னு ரெண்டு பேர், வேலையோட அளவு கூடக் கூட சிக்கனமான தாளமும் கூடும்னு காட்டினாங்க. 100 வாட்ல 50 சுத்து, 300 வாட்ல 80 சுத்து பக்கம். 1992ல வந்த இன்னொரு ஆய்வு தொடைத் தசையை ஊசியால எடுத்துப் பார்த்துச்சு. ஒரே அளவு வேலையை 50 சுத்துல செஞ்சப்ப, சீக்கிரம் களைச்சுப் போற வேக இழைகள்ல கிளைகோஜன் அதிகம் தீர்ந்திருந்துச்சு. 100 சுத்துல அந்த அளவுக்குத் தீரலை.

புரியுற மாதிரி சொல்றேன். சுமையை ஒரே தடவைல தூக்குறதா, ரெண்டு நடையா தூக்குறதான்னு கேள்வி. ஒரே நடைன்னா மூச்சு கொஞ்சம் மிச்சம், இடுப்பு போயிடும். ரெண்டு நடைன்னா மூச்சு கொஞ்சம் கூட வாங்கும், இடுப்பு பிழைக்கும்.

கணக்கு இதுதான். 100 வாட் வேலை, சமதளத்துல நிதானமா போற அளவு. 44 சுத்துல மிதிச்சா பெடல் மேல விழுற சராசரி அழுத்தம் சுமார் 13 கிலோ. 80 சுத்துல 7 கிலோ. ரோடு அதே, வேகம் அதே. பெடல் கீழ இறங்குற நேரத்து உச்ச அழுத்தம் இந்த சராசரியை விட இன்னும் அதிகம். அந்த நேரத்துல சீட்டும் தாழ்வா இருந்து முழங்கால் ரொம்ப மடங்கியிருந்தா, சில்லு தொடை எலும்பு மேல அழுந்துற அழுத்தம் எகிறும்.

ஞாயிறுக்கு ஞாயிறு ரெண்டு மணி நேரம் அப்படி மிதிச்சா, சில்லு முனகாம என்ன செய்யும்?

தம்பிக்கு மாத்திரை நாலு நாளைக்குத்தான் எழுதினேன். மிச்சம் எல்லாம் வாய்ச்சொல்தான். உங்களுக்கும் அதையே சொல்றேன்.

முதல்ல சீட்டு. குதிகாலைப் பெடல்ல வெச்சு, பெடல் அடியில இருக்கும்போது முழங்கால் நேரா நீளணும். அப்புறம் முன் பாதத்தை வெச்சு ஓட்டினா முழங்கால் லேசா மடங்கியிருக்கும், அதுதான் சரி. நிறுத்தும்போது சீட்டை விட்டு இறங்கி கால் ஊன்றப் பழகிக்கோங்க.

தாளத்தை அளக்க மெஷின் வாங்காதீங்க. வலது முழங்கால் மேல வர்றதை 15 விநாடி எண்ணுங்க, நாலால பெருக்குங்க. எண்ணிக்கை 18ல இருந்து 22க்குள்ள இருந்தா நல்லது, அதாவது 72ல இருந்து 88 சுத்து. புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு 65-70 போதும். டிவில பார்க்கிற 100 சுத்தெல்லாம் அவங்க போடுற வாட்டுக்கு. நமக்கு மூச்சுதான் வாங்கும். சீட்டுல உட்கார முடியாம குதிச்சீங்கன்னா ரொம்ப வேகமா சுத்துறீங்க, ஒரு கியர் ஏத்துங்க.

தம்பி வண்டிக்கு 20 கி.மீ வேகத்துல 80 சுத்து வரணும்னா முன்னாடி 2, பின்னாடி 4. அவ்வளவுதான். பாலம் ஏறுறதுக்கு முன்னாடியே கியரை இறக்குங்க, ஏத்தத்துல நின்னு திணறும்போது மாத்தினா செயின் கடகடன்னு அடிச்சு பல்லைத் தின்னும். முன்னாடி பெருசு பின்னாடியும் பெருசு, முன்னாடி சின்னது பின்னாடியும் சின்னது, இந்த ரெண்டுலயும் செயின் குறுக்கா இழுக்கும், தவிர்க்கப் பாருங்க. சிக்னல்ல நிக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு கியர் இறக்கிட்டு நில்லுங்க, கிளம்பும்போது முழங்கால் உங்களைத் திட்டாது.

முழங்கால் வீங்கினா, மடக்க முடியாம பூட்டிக்கிட்டா, ராத்திரி தூங்க விடாம வலிச்சா, காய்ச்சலோட வலிச்சா இந்த த்ரெட்டை மூடிட்டு டாக்டரைப் பாருங்க. இதய நோய், ஆஸ்துமா இருக்கிறவங்க தாளத்தைக் கூட்டுறதுக்கு முன்னாடி உங்க டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.

*

இப்ப அந்த அண்ணன்.

அவருக்கு நான் என்ன சொல்ல? கியரே இல்லையே. எக்ஸ்ரேல மூட்டுத் தேய்மானம் ஓரளவு தெரியுது. "சைக்கிளை விட்டுடுங்க"ன்னு சொல்றது எனக்கு அரை நிமிஷ வேலை. அவருக்கு அது வருமானம். கூட இருந்தவங்க நிறைய பேர் டி.வி.எஸ் 50க்கு மாறிட்டாங்க. இவருக்கு அந்தக் கடனும் பெட்ரோல் செலவும் கட்டுபடி ஆகலை.

அவர் பாதையைக் கேட்டா இன்னும் கொடுமை. விடியற்காலைல தரைக்காத்து மேற்கேருந்து அடிக்கும், அவர் மேற்கே போறார், சுமையோட. மதியம் கடல்காத்து கிழக்கேருந்து அடிக்கும், அவர் கிழக்கே வீட்டுக்குத் திரும்புறார். ரெண்டு வேளையும் எதிர்காத்து!

ஓ.பி. முடிஞ்சு சாயங்காலம் வீட்டுக்குப் போற வழில சைக்கிள் கடைல நின்னேன். கடைக்காரர் கிட்டத்தட்ட என் அப்பா வயசு. "18 பல் ஃப்ரீவீலுக்குப் பதிலா பெருசு போட முடியுமா ஐயா?"ன்னு கேட்டேன்.

என்னை ஒரு மாதிரி பார்த்தார். "22 இருக்கே சார். மூட்டை அடிக்கிற வண்டிக்கு அதுதானே போடுவோம். செயின்ல ஒரு லிங்க் சேர்க்கணும், அவ்வளவுதான்."

அஞ்சரை வருஷம் எம்.பி.பி.எஸ் படிச்சவனுக்கு இது புதுச் செய்தி. அவருக்குக் காலங்காலமா தெரிஞ்ச விஷயம்.

44க்கு 22. ஒரு சுத்துக்கு நாலரை மீட்டர். அதே சுமை, அதே ரோட்டுல, பெடல் அழுத்தம் 18 சதவீதம் குறையும். 12 கி.மீ வேகத்துல 37 சுத்து மிதிச்ச கால் இனிமே 45 சுத்து மிதிக்கும். சீட்டையும் ரெண்டு விரல் ஏத்தச் சொன்னேன். தொடைத் தசைக்கு ரெண்டு பயிற்சி சொல்லிக் குடுத்தேன், அதைச் செய்வார்னு எனக்கு நம்பிக்கை இல்லை.

அண்ணன்கிட்ட இந்தத் தாளக் கதையை விளக்க ஆரம்பிச்சா, பாதிலயே அவருக்குப் புரிஞ்சுடுச்சு. "ஏரியில கோல் ஊன்றுற மாதிரி சார். சேத்துல ஆழமா ஊன்றி அமுக்கினா கோல் மாட்டிக்கும். லேசா லேசா, சீக்கிரமா தள்ளணும்."

ரெண்டு மாசம் கழிச்சு பிரஷர் மாத்திரை வாங்க வந்தார். வலி போயிடுச்சான்னு கேட்டேன்.

"இருக்கு சார். மழை வந்தா இருக்கு. வேகம் கொஞ்சம் கம்மிதான், பின்காத்து அடிச்சா கால் சும்மா சுத்துது, பசங்க பார்த்து சிரிக்கிறாங்க. ஆனா ஆரணியாத்துப் பாலத்துல இப்ப இறங்கித் தள்றதில்லை."

பயிற்சி செஞ்சீங்களான்னு கேட்டேன். செய்யலையாம்.